உப்பாத போத்தல்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே பாலாய்ராயா பொதுமண்டப வாசலில் போத்தல்கள் வரிசை பிடித்துவிட்டன. ஒன்றரை லிட்டர் சோடாப் போத்தல்கள். கழுவி, வீட்டுக்காரர் பெயரை மார்க்கரால் எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர்கள் எதிர்க்கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார்கள். வரிசையில் சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பெஸ்தாரி ஜெயா ஊர் இத்தனை ஒழுங்கான கூட்டத்தை இதற்குமுன் கண்டதில்லை. போத்தல்களுக்கு மூளை கிடையாது. அவற்றிடம் யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. மனிதர்களிடம் எதிர்பார்க்கலாம். எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான்.

அன்பரசி தன் போத்தலை வரிசையின் நடுவே ஓர் இடைவெளியில் வைத்தாள். கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யம்மா, அது என் இடம்லா. பின்னால போ."

திலகம். அன்பரசி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

"நீங்க இங்க இல்லையேக்கா?"

"என் போத்தல் இருக்குல்ல? நான் நின்னா என்ன, அது நின்னா என்ன?"

அன்பரசி பின்னால் போனாள்.

வெயில் ஏறியதும் பூமிச் சித்தர் வந்தார். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, பெரிய டீசல் வண்டி. வண்டி விட்ட புகையில் சாம்பிராணி வாசம் அடித்ததாகத் திலகம் பிறகு சொன்னாள். போன வருடம் வரை அவர் பெயர் உமாபதி. சுங்கை சோவில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் அவரைத் தேட ஆரம்பித்த சமயத்தில் பூமித்தாய் அவருக்குக் காட்சி தந்தாள். ஊரை மாற்றிக்கொள் என்பது அவளுடைய முதல் கட்டளை.

"கார்பன்தான் கர்மா," என்றார் சித்தர் ஒலிபெருக்கியில். "போன பிறவியில நீங்க விட்ட புகைதான் இந்தப் பிறவியில கரண்ட் பில்லா வருது."

கூட்டம் தலையசைத்தது. கரண்ட் பில் வராத வீடு அங்கே இல்லை. ஆகவே யாராலும் மறுக்க முடியவில்லை.

"பூமிய நாம குப்பையாக்கிட்டோம். அவ அழுவுறா. பழத்தோல், காய்கறித்தோல் எதையும் எறியாதீங்க. போத்தல்ல போடுங்க. சிவப்புச் சீனி கொஞ்சம், தண்ணி முக்கால்வாசி. எல்லாம் உங்க வீட்லயே இருக்கு. இன்னும் ஒண்ணு வேணும். அது என்கிட்ட இருக்கு."

அது தாய்நீர். விரல் நீளக் குப்பியில் இருந்தது. காணிக்கை மனமுவந்து தரலாம். மனம் எவ்வளவு உவக்க வேண்டும் என்பது உண்டியலின்மேல் எழுதியிருந்தது.

தாய்நீர் விட்டு, சித்தர் பூசித்துக் கொடுத்த மூடியால் மூடினால், ஒரு வாரத்தில் போத்தல் உப்பும். பூமித்தாய் உள்ளே மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். உப்பிய நீர் தரை துடைக்கும், பாத்திரம் கழுவும், செடி வளர்க்கும், சாக்கடை நாற்றத்தைப் போக்கும். சவுக்காரம் வாங்கும் செலவு இல்லை. அந்த வீட்டில் வேறு பல செலவுகளும் தாமாகக் குறையும். குடிப்பவன் பாதியாகக் குறைப்பான்.

"உப்பலேன்னா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

சித்தர் கண்ணை மூடினார். பிளாஸ்டிக் போத்தலிலிருந்து கொஞ்சம் மினரல் வாட்டர் குடித்தார்.

"உப்பலேன்னா, அந்த வீட்ல பூமி ஏத்துக்காத ஒண்ணு இருக்கு."

அதோடு நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருக்கும் ஒருவரை நினைத்துப் பார்த்தார்கள்.

மூடிகளைக் கொடுத்தவன் சித்தரின் சீடன் அர்ஜுனன். அவன் தோளில் இரண்டு பைகள் தொங்கின. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளை மூடிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குங்குமப் பொட்டு. அவன் எதிரில் நிற்பவரின் கழுத்தைப் பார்ப்பான், காதைப் பார்ப்பான், பிறகு ஏதாவது ஒரு பையில் கையை விடுவான். அன்பரசி அன்று தாலிக்கொடியைப் புடவைக்கு வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். சாமியைப் பார்க்கப் போகும்போது அப்படிப் போவதுதான் வழக்கம். வீட்டில் இருந்த தங்கம் அத்தனையும் அந்தக் கொடிதான்.

அர்ஜுனன் இடது பக்கப் பையில் கை விட்டான்.

"திறக்கக் கூடாது," என்றான். "கவுக்கக் கூடாது. அழுத்திப் பாக்கக் கூடாது."

மற்றபடி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

*

அன்பரசிக்கு இது பொழுதுபோக்கு அல்ல. புருஷன் புவனேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். மழை பெய்தால் வண்டி தோட்டத்துக்குள் இறங்காது. வண்டி இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, மாதம் ஒருமுறை விலை ஏறும் சமையல் எண்ணெய். இதற்குள் பூமிக்கும் கேடு செய்யாமல் வாழவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. கைப்பேசியில் வீடியோக்கள் பார்ப்பாள். அவற்றில் வரும் குடும்பங்கள் பருப்பைக் கண்ணாடிச் சாடியில் போட்டார்கள், மூங்கில் பிரஷால் பல் தேய்த்தார்கள். சாடியின் விலை பருப்பைவிட அதிகம். பசுமையாக வாழ வசதி வேண்டியிருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி பசுமையாக வாழ்ந்துகொண்டிருந்தாள். அது யாருக்கும் தெரியவில்லை. அவள் வீடியோ எடுக்காதது காரணமாக இருக்கலாம்.

அவள் புவனேசனின் அக்கா கங்கா. புருஷன் செத்ததும் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு, ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அரிசி கழுவிய தண்ணீர் அவள் கையில் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பிள்ளைகள் குளித்த தண்ணீர் வாசலுக்குப் போகும். கிழிந்த சாரோங் தரைத்துணி ஆகும். தரைத்துணி நைந்தால் சட்டி பிடிக்கும் துணி ஆகும். போத்தல் மூடிகளைக்கூட எறியமாட்டாள். அவற்றுக்கென்று ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள். இதற்கெல்லாம் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. கஞ்சத்தனம்.

"அன்னாசித் தோல நறுக்கி வைங்கண்ணி," என்றாள் அன்பரசி. "போத்தல்ல போடணும்."

"அத ரோஜாவுக்குப் போட வெச்சிருந்தேன், அன்பு."

"இனிமே இதுக்குத்தான்."

"சீனி வேறயா? எறும்பு வருமே."

"பூமித்தாய்க்குண்ணி."

கங்கா கத்தியை எடுத்தாள். நறுக்கிப் போட்டாள். அன்பரசி தாய்நீர் ஊற்றி, பொட்டு வைத்த மூடியால் இறுக்கி, சாமி மாடத்தின் கீழே வைத்தாள்.

ஒரு வாரம் ஆயிற்று. போத்தல் வைத்தது வைத்தபடி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பின்னறையில் குடியிருந்த மாதவி வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவுபவள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"அன்புக்கா! எங்க போத்தல் குண்டாயிடுச்சு, வந்து பாருங்க! நிக்கவே மாட்டுது, உருளுது!"

அன்பரசி பார்த்தாள். உண்மைதான். கர்ப்பிணிபோல் இருந்தது.

இல்லாதவர்கள் வீட்டுப் போத்தல்கள்தான் நன்றாக உப்பின. பூமித்தாய் ஏழைகளின் பக்கம் என்று சித்தர் அடுத்த சனிக்கிழமை அறிவித்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. உப்பாதவர்கள் தங்கள் போத்தலை மூடியோடு அர்ஜுனனிடம் ஒப்படைத்துவிட்டுப் புது மூடி வாங்கிக்கொண்டார்கள். கைதட்டியவர்களில் அவர்களும் உண்டு.

அன்பரசியின் இரண்டாவது போத்தலும் உப்பவில்லை.

இந்த இடத்தில் அவளுடைய வேலையைச் சொல்லவேண்டும். ராவாங்கில், பாத்திரம் கழுவும் சவுக்காரத் தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை. அதில் தரப் பரிசோதனைப் பிரிவு. ஓடுகிற வரிசையிலிருந்து ஒரு போத்தலை எடுப்பாள், கவிழ்ப்பாள், அழுத்துவாள், மூடியைப் பார்ப்பாள். கசிந்தால் ஓரம். எதையும் நம்பாமல் இருப்பதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த வேலையைச் செய்ய ஓவர்டைம் கிடையாது.

*

சித்தர் போத்தலைக் காதில் வைத்துக் கேட்டார்.

"மூச்சு இல்ல."

"ரெண்டாவது தடவை சாமி."

"தோல நறுக்குனது யாரு?"

"என் நாத்தனாரு."

"சுமங்கலியா?"

அன்பரசி தலையைக் குனிந்துகொண்டாள். சித்தருக்குப் பதில் தேவைப்படவில்லை. அந்தத் தலைகுனிவை அவர் பல வீடுகளில் பார்த்திருக்கிறார். அதுதான் அவருடைய சரக்கு.

"வத்துன கை," என்றார். "அந்தக் கை தொட்டது எதுவும் பொங்காது தாயே. போத்தல் மட்டும் இல்ல. வீட்டுக்காரர் வருமானம் எப்படி?"

"மழையில வேலை இல்ல சாமி."

"பாத்தீங்களா?"

அது பருவமழைக் காலம். தோட்டத்தில் எந்த லோரியும் இறங்கவில்லை. அன்பரசி இதை நினைக்கவில்லை.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் சித்தர். "ஒரு பவுன் மண்ணுக்குள்ள போகணும். நானே பானையில வெச்சுப் புதைப்பேன். பூமி குளுந்ததும் திருப்பித் தருவா. இல்லேன்னா அந்தக் கை வீட்ட விட்டுப் போகணும். முடிவு உங்களோடது. நான் யாரையும் வற்புறுத்துறதில்ல."

திலகம் தன் மோதிரத்தைப் புதைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவர்களும் பவுனைத்தான் கொடுத்தார்கள். இரண்டாவது வழியைச் சித்தர் சொல்வதே முதல் வழியை மலிவாகக் காட்டத்தான். அன்பரசி எத்தனை சிக்கனமானவள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மாதம் தங்கம் விலை ஏறிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்குச் சந்தை விலை இல்லை.

"போகச் சொல்லிடுறோம் சாமி," என்றாள்.

சித்தரின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தேறிக்கொண்டார்.

"இந்தப் போத்தலத் திறக்காம சிலாங்கூர் ஆத்துல விட்டுடுங்க. மூடியோட."

"பிளாஸ்டிக்காச்சே சாமி?"

"நதி ஏத்துக்கும்."

*

"அக்காவ எப்படிப் போகச் சொல்றது?" என்றான் புவனேசன்.

"போகச் சொல்லல. கொஞ்ச நாளைக்கு இடம் மாத்தி வைக்கிறோம்."

"அது என்ன, பூச்சட்டியா?"

"கலும்பாங்ல உங்க சித்தப்பா மகன் வீடு இருக்கு. பெரிய வீடு. பாத்துக்க ஆள் இல்லன்னு அவங்களே சொன்னாங்க."

"வேலைக்காரிய அனுப்பிட்டாங்க. அதுக்குத்தான் சொன்னாங்க."

"நீங்களே பாருங்க, ரெண்டு போத்தல். ரெண்டும் உப்பல. மாதவி வீட்ல உப்புது. மண்டபச் சாவி வெச்சிருக்கிற சுப்பிரமணியம் அண்ணன் வீட்ல உப்புது. நம்ம வீட்ல மட்டும் ஏன் உப்பல, சொல்லுங்க?"

புவனேசனிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாதவனிடம் ஒரு காரணத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். அது நல்லதா கெட்டதா என்று பார்ப்பது அப்புறம். மூன்று நாள் வண்டி இறங்காத கோபமும் இருந்தது. அவன் போத்தலை எடுத்து, ஆற்றுப் பக்கம் போகும்போது போடலாம் என்று பின்கதவுக்கு வெளியே வைத்தான். பிறகு மறந்துபோனான்.

கங்காவிடம் அன்பரசிதான் சொன்னாள். வற்றிய கை என்ற சொல்லைச் சுற்றி வளைத்துச் சொன்னாள். எவ்வளவு சுற்றினாலும் அது அங்கேயேதான் இருந்தது.

கங்கா தன் கையைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கிய ஈரம் இன்னும் காயவில்லை.

"சரி," என்றாள். "ஞாயித்துக்கிழமை போறேன். காலையில ஒரு துணி மூட்டை இருக்கும், அத அலசிட்டுப் போறேன்."

"கோவம் இல்லையேண்ணி?"

"கறிவேப்பிலைக்கு அரிசித் தண்ணிய மறந்துடாத. வெறும் தண்ணி ஊத்துனா பூச்சி வரும்."

*

சனிக்கிழமை மாலை அன்பரசி சமையலறையில் கால் வைத்ததும் வழுக்கியது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். தரையெல்லாம் சவுக்காரத் தண்ணீர்.

சுவர்த் தட்டில் ஒரு போத்தல் படுத்திருந்தது. கங்கா சவுக்காரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றி வைக்கும் போத்தல். சொட்டிக்கொண்டிருந்தது.

அன்பரசி அதை எடுத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது. ராவாங்கில் நாள் முழுவதும் செய்வதுதான். கவிழ்த்தாள், அழுத்தினாள்.

மூடியின் நடுவிலிருந்து மயிரிழைபோல ஒரு நீர்க்கோடு சீறி அவள் மூக்கில் அடித்தது.

ஓரம், என்றது அவள் கை.

"அண்ணி, இது என்ன மூடி?"

கங்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் மடித்த புடவை.

"அதுவா? சாமி மூடி. கழுவுனதும் பொட்டுப் போயிடுச்சு. நல்ல மூடின்னு எடுத்து வெச்சேன்."

"ஆத்துல போடச் சொன்ன போத்தலோட மூடியா?"

"தம்பி பின்னாடி வெச்சிட்டுப் போயிட்டான். நல்ல போத்தல ஆத்துல போட யாருக்கு மனசு வரும்? பாதித் தண்ணிய சாக்கடைக்கு ஊத்துனேன். மீதிய எறிய மனசு வரல. அன்னிக்கு வெட்டுன அன்னாசித் தோலயும் மிச்சச் சீனியயும் அதுலயே போட்டு, டின்ல கிடந்த கிச்சாப் சாஸ் போத்தல் மூடியப் போட்டு மூடினேன். ரோஜாவுக்கு ஆகும்ல?"

"அது எங்க இருக்கு?"

கங்கா பின்கதவைக் காட்டினாள்.

போத்தல் நிற்கமுடியாமல் சுவரில் சாய்ந்திருந்தது. அடிப்பாகம் பிதுங்கி, உடம்பு கல்லாக இறுகியிருந்தது. மாதவியின் போத்தல் இதன் முன்னால் சவலைப் பிள்ளை.

பூசித்த மூடி இல்லை. நறுக்கியது அதே கை. போட்டது அதே கை. மூடியதும் அதே கை.

அன்பரசி அடுப்படி மூலையிலிருந்து இன்னொரு காலிச் சோடாப் போத்தலை எடுத்தாள். இந்தத் தடவை தாய்நீர் வாடையே இருக்கக் கூடாது. வாழைப்பழத் தோல், அன்னாசித் தோல், சீனி, குழாய்த் தண்ணீர், டின்னிலிருந்து ஏதோ ஒரு மூடி. வெயில்படும் ஜன்னலில் வைத்தாள். பிறகு சாமி மூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"பையக் கட்டாதீங்கண்ணி," என்றாள். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் போகாதீங்க."

கங்கா ஏற்கெனவே கட்டி முடித்திருந்தாள்.

*

பக்தர்கள் பெருகியதால் சித்தர் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் அருள்பாலித்தார். சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மண்டபத்தில் இரண்டு வரிசை. உப்பியவர்கள் வலது பக்கம், உப்பாதவர்கள் இடது பக்கம். வலது பக்கம் சிரிப்பும் படம் எடுப்பதுமாக இருந்தது. இடது பக்கம் தலை குனிந்திருந்தது. காதும் கழுத்தும் மின்னின.

அன்பரசி இரண்டு போத்தல்களோடு நேராக மேடைப் பக்கம் போனாள்.

"தாயே, வரிசையில வாங்க," என்றார் சித்தர்.

"எந்த வரிசையிலன்னு தெரியல சாமி. எங்கிட்ட ரெண்டும் இருக்கு."

உப்பிய போத்தலைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. சித்தர் கையை உயர்த்தினார்.

"பாத்தீங்களா? அந்தக் கை போயிடுச்சு. பூமி மூச்சு விட்டுட்டா."

"இன்னும் போகல சாமி. வீட்லதான் இருக்காங்க. இத நறுக்கி மூடுனதே அவங்கதான். உங்க மூடியும் இல்ல. கிச்சாப் மூடி."

கைதட்டல் அங்கங்கே நின்றது. சிலர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்ததை நிறுத்துவது எளிதல்ல.

பாலாய்ராயா கமிட்டித் தலைவர் சுப்பிரமணியம் எழுந்தார். கழுத்தில் அடையாள அட்டை. "அன்பரசி, இது கிச்சாப் கடையா? சாமிகிட்ட இப்படியா பேசுறது?"

"பேச வரலண்ணே. ஒரே ஒரு வேலை. எல்லாரும் உங்க போத்தலக் கவுத்து, ஒரு தடவை அழுத்துங்க. எங்க ஃபேக்டரியில அப்படித்தான் பாப்போம். ஒரு நிமிஷம் ஆகாது."

"கவுக்கக் கூடாது!" என்றான் அர்ஜுனன். அதுவரை அவன் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏன் கூடாது தம்பி?" வலது வரிசையிலிருந்து கேட்டது செல்லன். ஓய்வுபெற்ற மண்டோர். தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை வேலை வாங்கியவர். யாராவது கூடாது என்றால் அவருக்குக் கை பரபரக்கும். தம் போத்தலைக் கவிழ்த்தார், இரண்டு கையாலும் அமுக்கினார். ஒரு சொட்டு விழவில்லை.

"ஒண்ணும் இல்லையே," என்றார் ஏமாற்றத்தோடு.

"இப்ப இந்தப் பக்கம்," என்றாள் அன்பரசி.

இடது வரிசையில் யாரும் அசையவில்லை. திலகம் போத்தலை மார்போடு அணைத்து நின்றாள். மோதிரத்தைப் புதைத்தபின் வைத்த மூன்றாவது போத்தல். அதுவும் உப்பவில்லை. அன்பரசி அவளைப் பார்த்தாள்.

"திலகம் அக்கா. உங்க போத்தல் நின்னா நீங்க நின்ன மாதிரின்னு சொன்னீங்க. அதையாவது கவுத்துப் பாருங்களேன்."

திலகம் கவிழ்த்தாள். அழுத்தினாள். மூடியின் பொட்டு நனைந்து கரைந்து, செந்நிறக் கோடு ஒன்று சீறி, சுப்பிரமணியத்தின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

பிறகு யாரையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடது வரிசை முழுவதும் கவிழ்ந்தது. ஒவ்வொரு போத்தலும் பெய்தது. வலது வரிசையில் ஒன்றுகூடக் கசியவில்லை. பூமித்தாய் யார் வீட்டில் மூச்சு விடவேண்டும், யார் வீட்டில் விடக்கூடாது என்பது ஊசி முனையில் முடிவாகியிருந்தது.

"தோலும் சீனியும் தண்ணியும் சேந்தா புளிக்கும், காத்து வரும்," என்றாள் அன்பரசி. "மூடி நல்லா இருந்தா உப்பும். ஓட்டை இருந்தா காத்து போயிடும். தாய்நீர் வேணாம், ஒண்ணும் வேணாம். நேத்து சாயங்காலம் குழாய்த் தண்ணியில போட்டது இது. பாருங்க, இப்பவே லேசா இறுக ஆரம்பிச்சிடுச்சு." இரண்டாவது போத்தலைச் செல்லன் கையில் கொடுத்தாள். அவர் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

சித்தர் ஒலிபெருக்கியை எடுத்தார். அவரிடம் அசையாத நிதானம் இருந்தது. இயந்திரம் விற்ற காலத்திலிருந்தே இருந்தது.

"மக்களே, அந்த ஓட்டை நான் அறிஞ்சு போட்டதுதான். அது வழியாத்தான் உங்க வீட்டு தோஷம் வெளியேறுது."

மண்டபம் யோசித்தது. உண்மையாகவே யோசித்தது. இரண்டு மூன்று தலைகள் ஆமோதிக்கவும் தொடங்கின.

"அப்ப என் மோதிரம் எந்த ஓட்டை வழியா வெளியேறுச்சு சாமி?" என்றாள் திலகம்.

சித்தர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். அர்ஜுனன் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தான். சுங்கை பஞ்சாங் வேன்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். செல்லன் பழைய மண்டோர் குரலில் ஒரு சத்தம் போட்டார். பைகள் கீழே விழுந்தன. டீசல் வண்டியின் முன்னாலும் பின்னாலும் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மண்டபத்தின் பின்னால் புதைத்த பானைகளைத் தோண்டினார்கள். பானைகள் இருந்தன. உள்ளே மண் இருந்தது. பூமியிலிருந்து எடுத்ததைப் பூமிக்கே கொடுத்திருந்தார் சித்தர்.

போலீஸ் வரும்வரை காத்திருந்த கூட்டத்தில் சுப்பிரமணியம் சட்டைக் கறையைத் தேய்த்துக்கொண்டே அன்பரசியிடம் வந்தார். அவர் போத்தல் உப்பிய போத்தல்.

"இடது பக்கம் ஏமாத்துனது சரி," என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா எங்க வீட்ல உப்புனது உண்மைதானே? அப்ப எங்க வீடு நல்ல வீடுதானேலா?"

அன்பரசி அவரைப் பார்த்தாள். ராவாங்கில் என்றால் ஓரமாக வைத்திருப்பாள்.

*

வீட்டு வாசலில் கங்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியூர் போகும் புடவை. காலடியில் பை. கொடியில் துணியெல்லாம் அலசிக் காய்ந்துகொண்டிருந்தது. புவனேசன் லோரிச் சாவியைக் கையில் உருட்டியபடி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

அன்பரசி வாசலிலிருந்தே சொல்ல ஆரம்பித்தாள். இடது வரிசை பெய்ததைச் சொன்னாள், சுப்பிரமணியத்தின் சட்டையைச் சொன்னாள், பானைக்குள் மண் இருந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்தது. புவனேசனும் சிரித்தான். கலும்பாங் போகவேண்டியதில்லை என்பதில் அவனுக்குப் பாதிச் சிரிப்பு.

"உங்க கையில ஒண்ணும் இல்லண்ணி," என்றாள் அன்பரசி. பையைத் தூக்கிக்கொண்டாள். "எல்லாம் மூடியில இருந்த ஓட்டை. வாங்க, உள்ள வாங்க."

கங்கா எழுந்திருக்கவில்லை. பையின் ஒரு காது இன்னும் அவள் விரலில் இருந்தது.

"மூடியில ஓட்டை இல்லாம இருந்து, அப்பவும் அது உப்பாம இருந்திருந்தா, அன்பு?"